வீட்டுக்கு நாம் பட்ட கடன்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். கட்டுவதில் உள்ள இடரைச் சொன்ன அப்பழமொழி, கட்டிய வீட்டைக் காப்பதில் உள்ள இடரைச் சொல்லாமல் விட்டுவிட்டது. கட்டுவது ஓராண்டு, மிஞ்சினால் ஈராண்டு வேலை. காப்பதோ கட்டியவரின் ஆயுளையும் கடந்து, அவர் மக்களின் தோளிலும் பேரர்களின் தோளிலும் ஏறி அமர்கின்ற சுமை. கட்டும்போது ஊரே வந்து பார்க்கிறது. நிலை வைக்கும் நாளில் உறவினர் கூடுகின்றனர். குடிபுகும் நாளில் விருந்து நடக்கிறது. ஆனால் பத்து ஆண்டுகள் கழிந்து மாடியில் நீர் கசியும்போது, கொத்தனாரைத் தேடி அலைபவர் தனியராகவே அலைகிறார்.

நம் குடும்பங்களில் அடிக்கடி எழும் ஒரு வாதம் உண்டு. சொந்த வீடு நல்லதா, குடிக்கூலி கொடுத்து இருப்பது நல்லதா, நகரத்து அடுக்குமாடியில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்வது நல்லதா என்பதே அது. இவ்வாதத்தில் பெரும்பாலும் பணக்கணக்கே பேசப்படுகிறது. "மாதந்தோறும் கொடுக்கும் வாடகை வீணாகப் போகிறதே, அதைச் சேர்த்தால் வீடே கட்டிவிடலாமே" என்பார் ஒருவர். "வீட்டில் முடக்கும் பணத்தை வாணிபத்தில் போட்டால் வாடகை போக மிச்சமும் வருமே" என்பார் மற்றவர். இருவர் கணக்கிலும் ஒரு வரி விடுபட்டுப் போகிறது. அதுதான் பராமரிப்பு. அது செலவுக் கணக்கில் மட்டும் சேர வேண்டிய வரியன்று. அறக் கணக்கிலும் சேர வேண்டிய வரி என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் சொற்களைச் சற்று நோக்குவோம். தமிழில் "வீடு" என்னும் சொல் "விடு" என்னும் வினையிலிருந்து பிறந்தது என்பர். வெளியுலகின் அலைச்சலை விட்டு ஓய்கின்ற இடம் அது. அரபியில் "மஸ்கன்" என்னும் சொல் அமைதியைக் குறிக்கும் "ஸுகூன்" என்பதன் இனத்தைச் சேர்ந்தது. இரு மொழிகளும் வீட்டை ஓய்வோடும் அமைதியோடும் பொருத்திப் பார்க்கின்றன. ஆனால் அரபியில் இன்னொரு சொல் இருக்கிறது: "இமாரத்". கட்டுவதற்கும் அதுவே சொல். கட்டியதைப் பழுது பார்த்துப் பேணுவதற்கும் அதுவே சொல். ஓர் இடத்தில் மக்கள் குடியிருந்து அதை உயிர்ப்புடன் வைத்திருப்பதற்கும் அதுவே. ஆயுள் என்று பொருள்படும் "உமுரு" என்னும் சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். கட்டுதல், பேணுதல், குடியிருத்தல், வாழ்தல் ஆகிய நான்கும் ஒரே வேரிலிருந்து முளைத்திருப்பது சிந்திக்கத் தக்கது. பேணப்படாத வீட்டை நாம் "கட்டியிருக்கிறோம்" என்று சொல்வது, பாதி வாக்கியத்தைச் சொல்லி நிறுத்துவது போன்றதாகும்.

மண்ணில் இடும் செலவு

இங்கே ஒரு தடை எழக்கூடும். "இவ்வுலகம் வழிப்போக்கன் சற்றே இளைப்பாறும் நிழல் அல்லவா? வீட்டைப் பேணுவதில் இத்துணைக் கவலை எதற்கு? சுவருக்கு வெள்ளையடிப்பதும் தளத்துக்குச் சாந்து பூசுவதும் மறுமைக்கு உதவுமா?" என்று கேட்பவர் நம்மிடையே உண்டு. இவர்கள் வெறுங்கையோடு பேசவில்லை. இவர்கள் கையில் ஆதாரங்களும் உள்ளன.

கப்பாப் (ரலி) அவர்கள் தம் சுவர் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது, தம்மைக் காண வந்தவரிடம், ஒரு முஸ்லிம் செய்யும் செலவுக்கெல்லாம் நற்கூலி உண்டு, இந்த மண்ணில் இடுவதைத் தவிர என்னும் கருத்தில் பேசியதாகப் புகாரியில் வருகிறது. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களும் அவர்தம் அன்னையும் தளர்ந்துபோன குடிசைக்கு மண் பூசிக்கொண்டிருந்தபோது, அவ்வழியே வந்த பெருமானார் (ஸல்) அவர்கள் என்ன செய்கிறீர்கள் என்று வினவி, இதைவிட விரைவாக வந்து சேரக்கூடிய ஒன்று உண்டு என்று மரணத்தை நினைவூட்டினார்கள் என அபூதாவூதும் திர்மிதீயும் பதிந்துள்ளனர்.

இவ்விரண்டையும் மேலோட்டமாகப் படித்தால், பழுது பார்ப்பதே வீண் என்று தோன்றும். ஊன்றிப் படித்தால் வேறொன்று தெரியும். கப்பாப் (ரலி) அவர்கள் அச்சொல்லைச் சொன்னபோது கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. சுவரைக் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். குடிசைக்கு மண் பூசிக்கொண்டிருந்த தாயையும் மகனையும் பெருமானார் (ஸல்) அவர்கள் நிறுத்தச் சொல்லவில்லை. கை வேலை செய்யட்டும், உள்ளம் மறவாதிருக்கட்டும் என்பதே அந்நினைவூட்டலின் உட்பொருள். தேவைக்கு மேற்பட்ட ஆடம்பரக் கட்டடத்தையே இத்தகைய எச்சரிக்கைகள் குறிக்கும் என்று அறிஞர்கள் விளக்கியுள்ளனர். விசாலமான வீட்டை மனிதனின் நற்பேறுகளுள் ஒன்றாக எண்ணிய நபிமொழியும் நம்மிடம் இருக்கிறதே!

இவற்றுக்கெல்லாம் மேலாகத் திருமறையின் கஹ்ஃபு அத்தியாயத்தில் வரும் சுவரை நினைத்துப் பாருங்கள். மூஸா (அலை) அவர்களும், மார்க்க வழக்கில் கிள்ர் (அலை) என்று அறியப்படும் நல்லடியாரும் ஓர் ஊருக்கு வருகின்றனர். ஊரார் ஒரு வேளை உணவுகூடக் கொடுக்க மறுக்கின்றனர். அவ்வூரில் விழும் நிலையில் நின்ற ஒரு சுவரை அந்நல்லடியார் கூலியின்றி நிமிர்த்தி வைக்கிறார். இதற்குக் கூலி வாங்கியிருக்கலாமே என்று மூஸா (அலை) கேட்கின்றார்கள். பின்னர் விளக்கம் வருகிறது: அச்சுவர் இரண்டு அநாதைச் சிறுவர்களுக்கு உரியது, அதன் அடியில் அவர்களுக்கான புதையல் இருந்தது, அவர்களின் தந்தை நல்லவராக வாழ்ந்தவர், பிள்ளைகள் பருவமடைந்து எடுத்துக்கொள்ளும் வரை அது காக்கப்பட வேண்டியிருந்தது.

சுவரைப் பழுது பார்ப்பது இங்கே ஓர் அறச் செயலாக நிற்கிறது. அச்செயலுக்கு மதிப்பைக் கொடுத்தது கல்லும் மண்ணும் அல்ல. அச்சுவருக்குப் பின்னே நின்ற எளியவர்கள். எனவே நாம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: இந்தப் பழுதைப் பார்க்காமல் விட்டால், அதன் துன்பம் யார் தலையில் விழும்? தன் தலையில் மட்டும் விழுமானால் அது அவரவர் விருப்பம். பிறர் தலையில் விழுமானால் அது கடன்.

பனிக்கட்டியும் குப்பையும்

இக்கேள்வியை முதலில் வாடகை வீட்டில் வைத்துப் பார்ப்போம். ஹிஜ்ரி 676-இல் (கி.பி. 1277) மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் "மின்ஹாஜுத் தாலிபீன்" ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்று. வாடகை பற்றிய பாடத்தில் அவர்கள் கூறும் சட்டத்தின் சாரம் இது: வீட்டின் திறவுகோலை ஒப்படைப்பது உடையவரின் கடமை. வீட்டைப் பழுது பார்ப்பதும் உடையவரைச் சார்ந்தது. அவர் விரைந்து செம்மை செய்தால் சரி. இல்லையேல் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. கூரையின் மேல் குவியும் பனிக்கட்டியை அகற்றுவது உடையவர் பொறுப்பு; முற்றத்தில் விழுந்த பனியையும் சேர்ந்த குப்பையையும் அகற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு.

நம் ஊர்களில் பனிக்கட்டி பெய்வதில்லை. டமாஸ்கஸ் நகரத்துக் குளிர்காலத்தைக் கண்டவர் எழுதிய சட்டம் அது. ஆயினும் பனியை எடுத்துவிட்டு ஐப்பசி கார்த்திகை மழையை வைத்துப் படித்தால், நம் வீட்டுக்கும் அது அப்படியே பொருந்துகிறது. கூரையில் விழுவது கட்டடத்தின் உயிரைத் தொடுவது. அதை உடையவர் பார்க்க வேண்டும். முற்றத்தில் சேர்வது அன்றாட வாழ்வின் கழிவு. அதை வாழ்பவர் பார்க்க வேண்டும். எவ்வளவு நுட்பமான பங்கீடு!

அரசாங்கச் சட்டமும் ஏறத்தாழ இதே கோட்டைத்தான் போட்டிருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, உடையவர் செய்யக் கடமைப்பட்ட பழுதை அறிவித்த பின்னும் அவர் செய்யாவிடில், குடியிருப்பவரே செய்து அச்செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். அதே சட்டம், இயல்பான தேய்மானம் நீங்கலாக, வீட்டைப் பெற்ற நிலையிலேயே திருப்பி ஒப்படைக்கும் கடமையைக் குடியிருப்பவர் மீது வைக்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமோ பழுதுகளைப் பட்டியலிட்டே பிரித்திருக்கிறது. வேறு வகையாக ஒப்பந்தம் இல்லாவிடில், கட்டடத்தின் பெரும் பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தண்ணீர்க் குழாய், மின்கம்பி ஆகியன உடையவர் பங்கு. குழாய்த் திருகு, சாக்கடை அடைப்பு, மின்பொத்தான், பூட்டு, உடைந்த கண்ணாடி போன்றன குடியிருப்பவர் பங்கு.

சட்டம் தெளிவாக இருக்கிறது. நம் நடைமுறை அவ்வளவு தெளிவாக இல்லை. மாதம் பிறந்து ஐந்தாம் நாள் வாடகைக்கு ஆள் அனுப்பும் உடையவர், தளம் ஒழுகுகிறது என்று மூன்று மழைக்காலமாகக் குடியிருப்பவர் சொல்லியும், "பார்க்கலாம்" என்கிறார். இஸ்லாமியச் சட்டத்தில் ஓர் அடிப்படை உண்டு: ஒரு பொருளின் நட்டத்துக்கு எவர் பொறுப்பேற்கிறாரோ அவருக்கே அதன் வருவாய் உரியது. நபிமொழியிலிருந்து எழுந்த இவ்விதியில் வருவாயைக் "கராஜ்" என்றும் பொறுப்பை "ளமான்" என்றும் குறிப்பர். வாடகையை வாங்குகின்ற கை, பழுதுக்குப் பணம் எடுக்க மறுக்குமானால், அவர் கராஜை எடுத்துக்கொண்டு ளமானை அயலார் மீது தள்ளுகிறார் என்றே பொருள். அவர் வாங்குவது வாடகைதான். ஆனால் அதில் ஒரு பகுதி, ஒழுகும் கூரையின் கீழ் பாத்திரம் வைத்து இரவெல்லாம் விழித்திருந்த ஒரு தாயின் உறக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது.

குடியிருப்பவர் பக்கமும் பேச வேண்டும். "நம் வீடா, யாரோ வீடு" என்னும் சொல் நம் வாயில் எளிதாக வருகிறது. சொட்டும் குழாயை மாதக் கணக்கில் சொட்ட விடுவதும், கழிவுநீர்க் குழாயில் கண்டதைப் போட்டு அடைப்பதும், கைபிடிச்சுவரில் முளைத்த அரசங்கன்றைக் கண்டும் பிடுங்காமல் நடப்பதும் அச்சொல்லின் பிள்ளைகள். விரல் அளவு இருக்கும்போது பிடுங்கினால் ஒரு நொடி வேலை. வேர் ஓடிவிட்டால் சுவரையே இடிக்க வேண்டும். அதைப் பிடுங்குவது குடியிருப்பவர் கடமை என்று எந்தப் பட்டியலிலும் எழுதியிருக்காது. ஆனால் வாடகைக்கு எடுத்த வீடு அவர் கையில் ஓர் அமானத் என்பது எழுதியிருக்கிறது. அமானத்தின் பொருளே, உரியவர் பார்க்காத இடத்திலும் உரியவர் போலப் பார்ப்பதுதான்.

மேல்மாடியும் கீழ்மாடியும்

அடுக்குமாடி வாழ்வு இக்காலத்தது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் இடையிலான உரிமையையும் கடமையையும் ஃபிக்ஹு நூல்கள் பல நூற்றாண்டுகளாக அலசி வந்துள்ளன. துருக்கி உதுமானிய அரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட "மஜல்லா" என்னும் சட்டத் தொகுப்பிலும் இது இடம்பெற்றது. கீழ்மாடி ஒருவருக்கும் மேல்மாடி மற்றொருவருக்கும் உரியதாக இருந்து கட்டடம் இடிந்துபோக, கீழ்மாடிக்காரர் மீண்டும் கட்ட மறுத்தால், மேல்மாடிக்காரர் நீதிபதியின் அனுமதியோடு இரண்டையும் கட்டி, தம் செலவைப் பெறும் வரை கீழ்மாடிக்காரர் அதைப் பயன்படுத்தாமல் தடுக்கலாம் என்பது அதன் விதி. அடித்தளம் இல்லாமல் மேல்மாடி இல்லை என்பதை உணர்ந்தவர்கள் வகுத்த நீதி இது.

இன்று நம் நகரத்து அடுக்குமாடிகளில் இவ்வழக்கு வேறு வடிவில் நடக்கிறது. தரைத்தளத்தில் இருப்பவர், "நான் மின்தூக்கியில் ஏறுவதே இல்லை, அதன் செலவில் எனக்கேன் பங்கு?" என்கிறார். மொட்டை மாடியில் விரிசல் கண்டு மேல்தளத்தார் வீட்டில் நீர் இறங்கும்போது, "அது உங்கள் கூரை, நீங்களே பாருங்கள்" என்கிறார். மேல்தளத்தாரோ, கீழே உள்ள கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வழியும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறிவிடுகிறார். ஒவ்வொருவரும் தம் கதவுக்கு உள்ளே பளிங்குக் கல் பதிக்கின்றனர். கதவுக்கு வெளியே உள்ள படிக்கட்டு யாருக்கும் சொந்தமில்லாதது போல் கிடக்கிறது. வாங்கிய பத்திரத்தில் பிரிபடாத நிலப் பங்கு என்று எழுதியிருக்கிறது. பிரிபடாத கடமை என்று எழுதவில்லை. ஆனால் முன்னது இருந்தால் பின்னதும் இருந்தே தீரும்.

மொட்டை மாடி மேல்தளத்தாருக்கு மட்டும் கூரை என்பது கண்ணின் மயக்கம். அங்கே இறங்கும் நீர் ஒரு தளத்தோடு நிற்பதில்லை. கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியை அடைகிறது; கம்பி துருப் பிடிக்கிறது; துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு வீங்குவதால், சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து பெயர்க்கிறது. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இதை இன்னும் விரைவாக்குகிறது. மேல்தளத்தில் தொடங்கும் நோய் தூண் வழியே கீழ்த்தளம் வரை இறங்கக்கூடியது. 2021 டிசம்பர் 27 அன்று சென்னைத் திருவொற்றியூரில், 1993-இல் கட்டப்பட்ட வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி இடிந்து தரைமட்டமானது. விரிசலைக் கண்டவர்கள் முன்கூட்டியே எச்சரித்து அனைவரையும் வெளியேற்றியதால் உயிர்கள் தப்பின. கட்டி முப்பதாண்டு ஆகாத கட்டடம் அது. இடிந்தபோது மேல்தளம், கீழ்த்தளம் என்று அது பிரித்துப் பார்க்கவில்லை.

மேல்மாடியில் வாழ்பவரின் மனம் எவ்வாறு இருக்க வேண்டும் என்பதற்கு நம் வரலாற்றில் ஓர் அரிய சித்திரம் உண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்த தொடக்கத்தில் அபூ அய்யூப் அல் அன்ஸாரீ (ரலி) அவர்களின் வீட்டில் கீழ்த்தளத்தில் தங்கியிருந்தார்கள். அபூ அய்யூபும் அவர் மனைவியாரும் மேல்தளத்தில் இருந்தனர். ஒருநாள் மேலே தண்ணீர்ச் சாடி உடைந்துவிட்டது. நீர் கசிந்து கீழே சொட்டிவிடுமே என்று பதறிய இருவரும், தங்களிடம் இருந்த ஒரே போர்வையை எடுத்து அந்நீரைத் துடைத்தனர். அன்றிரவு போர்த்திக்கொள்ள வேறு போர்வை இல்லை.

கீழே இருந்தவர் அல்லாஹ்வின் தூதர் என்பதால் அவர்கள் அவ்வாறு செய்தனர் என்று நாம் சொல்லலாம். ஆனால் அண்டை வீட்டாரின் உரிமையை அத்தூதரே நமக்குக் கற்பித்துச் சென்றிருக்க, நம் குளியலறைக் கசிவு கீழ்வீட்டுச் சுவரில் படம் வரைந்துகொண்டிருக்கும்போது, "அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்" என்று நாம் சொல்வது எப்படிப் பொருந்தும்?

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டை விற்கப் போகிறவர் முதலில் செய்வது வண்ணம் பூசுவது. ஈரம் பூத்த சுவரின் மேல் பட்டியிட்டு, பளபளக்கும் வண்ணத்தை ஏற்றி, கோடைக்காலமாகப் பார்த்து விலை பேசுகின்றனர். கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் பெருமானார் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று அவர்கள் கண்டித்தார்கள். தானியத்தில் மறைத்த ஈரத்துக்கு இவ்வளவு கடிந்துரை என்றால், ஒரு குடும்பம் தன் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் வீட்டுச் சுவரில் மறைத்த ஈரத்துக்கு என்ன சொல்வது?

பங்கும் பழுதும்

இனி, நம் குடும்பங்களை நெஞ்சில் தைக்கும் இடத்துக்கு வருவோம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களில் பெண் மக்களுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இலங்கை, பர்மா, மலாயா என்று கடல் கடந்தும், பின்னர் வளைகுடா நாடுகளில் உழைத்தும் ஈட்டிய பொருள் இவ்வூர்களில் வீடுகளாக எழுந்து நிற்கிறது. இவ்வீடுகளில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. குடும்பம் சென்னையிலோ வெளிநாட்டிலோ அடுக்குமாடியில் வாழ்கிறது. தேக்கு விட்டத்தில் கரையான் ஏறுகிறது. முற்றத்தில் புல் மண்டுகிறது. வேறு ஊர்களில், பாகம் பிரிக்கப்படாத தந்தையின் வீடு நான்கைந்து பிள்ளைகளுக்குப் பொதுவாக நிற்கிறது.

அப்படி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தந்தை மறைந்துவிட்டார். மூன்று ஆண்மக்கள் வெளியூர்களில். கணவனை இழந்த சகோதரி மட்டும் தன் பிள்ளைகளோடு அவ்வீட்டில் இருக்கிறாள். கூரை ஒழுகுகிறது. அண்ணனுக்குத் தெரிவிக்கிறாள். "இருப்பவள் நீ, நீயே பார்த்துக்கொள்" என்கிறார் அவர். தம்பியோ, "நான் பணம் போட்டால் நாளைக்குப் பாகம் பிரிக்கும்போது அதை யார் தருவார்கள்?" என்கிறார். ஆனால் யாரேனும் வீட்டை விலைக்குக் கேட்டுவிட்டால், மூவரும் அடுத்த வண்டியில் ஊருக்கு வந்து இறங்குகின்றனர். பங்கு என்னும்போது அது தந்தையின் வீடு. பழுது என்னும்போது மட்டும் அது சகோதரியின் வீடு!

இதைப் பற்றி இமாம்கள் என்ன சொல்கின்றனர்? இங்கே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வேறுபாடே நமக்குப் பாடம். ஷாஃபிஈ மத்ஹபின் பிந்திய தீர்ப்பின்படி, கூட்டுச் சுவரைக் கட்டித் தருமாறு ஒரு பங்காளி மற்றவரை வற்புறுத்த முடியாது. ஒருவருடைய பணத்தை அவர் விருப்பமின்றிச் செலவிடச் செய்ய அவர்கள் தயங்கினர். ஹனஃபீ வழியில் அமைந்த மஜல்லா, பிரிக்க இயலாத கூட்டுச் சொத்துக்கு ஒருவர் நீதிபதியின் அனுமதியோடு செலவிட்டால், மற்றவரின் பங்குச் செலவு அவர் மேல் கடனாக நிற்கும் என்கிறது. மாலிகீ நூல்களோ இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்கின்றன: பிரிக்க இயலாத சொத்தில் பங்குடையவர் ஒன்று பழுது பார்க்க வேண்டும், இல்லையேல் பழுது பார்ப்பவருக்குத் தம் பங்கை விற்றுவிட வேண்டும்.

நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈகள். "எங்கள் மத்ஹபில் வற்புறுத்த இயலாது" என்று ஒருவர் நூலைக் காட்டக்கூடும். ஆனால் காஜி வற்புறுத்த முடியாது என்பதும் கடமையே இல்லை என்பதும் ஒன்றல்ல. சட்டம் கையை எடுக்கும் இடத்தில்தான் மனச்சாட்சி கையை வைக்க வேண்டும். உறவைப் பேணுதல் என்னும் பெருங்கடமை அங்கே நின்றுகொண்டிருக்கிறது. சகோதரியின் பங்கும் அவ்வீட்டில் இருக்கிறது. அவளது பங்கின் மேல் விழும் மழையைத் தடுக்காதவர், தம் பங்கைக் கேட்க வரும்போது எந்த முகத்தோடு வருவார்?

சகோதரிக்கும் ஒரு சொல் உண்டு. பொது வீட்டில் இருப்பவர், தம் பங்குக்கு மேற்பட்ட இடத்தைப் பயன்படுத்துவதை மற்றவர்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்திருந்தால், அன்றாடப் பராமரிப்பை ஏற்றுக்கொள்வதுதான் நியாயம். கூட்டுவது, அடைப்பு எடுப்பது, குழாய் மாற்றுவது அவர் பங்கு. கூரையும் சுவரும் விட்டமும் எல்லோர் பங்கு. இமாம் நவவீ அவர்களின் பனிக்கட்டிச் சட்டம் இங்கும் கைகொடுக்கிறது.

பழுது பார்க்காத சுவர் தெருப்பக்கம் சாய்ந்து நின்றாலோ கேள்வி இன்னும் கடுமையாகிறது. சாய்ந்த சுவரைப் பற்றி எச்சரிக்கப்பட்ட பின்னும் அதை அகற்றாமல் விட்டு, அது விழுந்து பிறருக்குச் சேதம் விளைந்தால், உடையவர் ஈடு கொடுக்க வேண்டும் என்பது ஹனஃபீச் சட்டம். எங்கோ தொலைவில் இருக்கிறேன் என்பது விலக்காகாது. சொல்லியும் கேட்கவில்லை என்பதே பொறுப்பை நிலைநாட்டிவிடுகிறது.

முதற் செலவு

வக்ஃபுச் சட்டத்தில் ஓர் அழகிய ஒழுங்கு உண்டு. வக்ஃபுச் சொத்தின் வருவாயிலிருந்து முதற்செலவு அச்சொத்தின் பராமரிப்புக்கே. அதன் பின்னரே பயன்பெறுவோருக்குப் பங்கு. வக்ஃபு செய்தவர் இதை எழுதிவைக்காவிட்டாலும் இவ்விதி செல்லும். ஏனெனில் பொருள் அழிந்தால் பயனும் அழிந்துவிடும். இவ்வொழுங்கை நம் வீடுகளுக்கும் எடுத்துக்கொண்டால் பாதி வழக்குகள் எழவே மாட்டா. வாடகை வாங்குபவர், கைக்கு வந்தவுடன் ஒரு பகுதியைப் பழுதுக்கென ஒதுக்கட்டும். மீதமே தம் வருவாய் என்று எண்ணட்டும். அடுக்குமாடிச் சங்கம், மாதச் சந்தாவைக் குறைத்து நற்பெயர் வாங்குவதை விட்டு, பெரும்பழுதுக்கான நிதியை ஆண்டுதோறும் சேர்க்கட்டும். இன்று குறைவாகக் கட்டுபவர், நாளை வாங்குபவர் மேல் சுமையை ஏற்றிவிட்டுப் போகிறார். பொது வீட்டின் பங்காளிகள், பெருநாளில் கூடும்போது ஒரு நாழிகையை வீட்டுக் கணக்குக்கு ஒதுக்கி, யார் என்ன செலவிட்டார் என்பதை எழுதிக் கையொப்பமிடட்டும். கடனை எழுதிவைக்கக் கட்டளையிட்ட மார்க்கம் நம்முடையது. எழுதாத செலவுதான் பின்னர் பகையாக வளர்கிறது.

இவை எதற்கும் வழியில்லாதவர் என்ன செய்வது? விற்றுவிடலாம். பேணக்கூடிய பங்காளிக்கோ உறவினருக்கோ விட்டுக்கொடுக்கலாம். வாடகைக்கேனும் விட்டு வீட்டில் விளக்கு எரியச் செய்யலாம். "வாப்பா கட்டிய வீட்டை விற்பதா?" என்று மனம் கேட்கும். அக்கேள்வியின் ஈரத்தை மதிக்கிறோம். ஆனால் வாப்பா கட்டியது வாழ்வதற்கு. வௌவால் குடியிருப்பதற்கு அன்று. பூட்டிய வீட்டைக் கரையானுக்கு விட்டுவிட்டுப் பெருமையை மட்டும் வைத்துக்கொள்வதைவிட, இன்னொரு குடும்பம் அதில் பிள்ளைகளை வளர்ப்பது அவர் நினைவுக்குச் செய்யும் கண்ணியமாகும்.

அவ்வாறே, குடிக்கூலிக்கு இருப்பதில் இழிவு ஏதும் இல்லை. வாடகை வீணாகப் போகிறது என்பதும் உண்மையன்று. கூரையின் கவலையையும் சுவரின் கவலையையும் வேறொருவர் தோளில் வைத்ததற்கான கூலி அது. அக்கவலையைத் தாங்கும் பொருளோ உடல்வலிமையோ ஊரில் இருக்கும் வாய்ப்போ இல்லாதவர், கடன் வாங்கிச் சொந்த வீடு என்னும் பெயரை மட்டும் வாங்கிக்கொள்வதைவிட, நல்ல குடியிருப்பாளராக வாழ்வது மேல். மகளுக்கு வீடு கொடுத்தே தீர வேண்டும் என்று தந்தையை வருத்தும் குடும்பங்களும் இதை எண்ண வேண்டும். கட்டிக் கொடுப்பதோடு தந்தையின் சுமை முடிகிறது. பேணும் சுமையை எவர் ஏற்பார் என்று மணப்பேச்சின்போது ஒருவரும் கேட்பதில்லை.

எனவே சொந்த வீடா, வாடகை வீடா, அடுக்குமாடியா என்று கேட்பவருக்கு நம் விடை இதுதான்: எதுவாயினும் ஆகுக, எவ்வளவு பேண முடியுமோ அவ்வளவை மட்டும் கைக்கொள்ளுங்கள். பேணுதலை ஏற்றுக்கொள்ளாதவருக்கு உடைமை என்பது பத்திரத்தில் மட்டும் இருக்கிறது. புரட்டாசி முடிந்து மழை தொடங்குமுன் ஒருநாள் மாடிக்கு ஏறி, நீர்த்தாரையில் சருகு அடைத்திருக்கிறதா, தட்டோட்டின் சந்து விட்டிருக்கிறதா, கைபிடிச்சுவரில் கன்று ஏதும் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் உடையவராக இருந்தால், கீழே குடியிருப்பவரை அழைத்து எங்கே ஒழுகுகிறது என்று கேளுங்கள். நீங்கள் பங்காளியாக இருந்தால், அவ்வீட்டில் இருக்கும் சகோதரிக்கு இந்த வாரமே ஒரு கடிதம் எழுதுங்கள். அல்லது தொலைபேசியில் பேசுங்கள். பங்கைப் பற்றி அல்ல, கூரையைப் பற்றி.